அம்மாவின் நம்பர்

வட்டவளை,
21 ஜனவரி 2024

அன்புத் தங்கச்சி சுதர்ஷினிக்கு,

இங்கே மழை விட்டுப் பனி தொடங்கிவிட்டது. உடம்புக்கு ஒருவருக்கும் குறைவில்லை, ஆண்டவர் காக்கிறார். அங்கே கடற்காற்று உனக்கு ஒத்துக்கொண்டதா? மடத்துச் சாப்பாடு பிடிக்கிறதா? நவகன்னியாகத் துறவறப் பயிற்சியில் இருக்கும் இந்த ஒரு வருடம் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று நீ சொல்லிவிட்டுப் போனாயே, இப்போது நான் பேனையைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து உன் அண்ணி ஜொய்சி சிரிக்கிறாள்.

அப்பாவைப் பற்றித்தான் முதலில் கேட்பாய். மறதி கொஞ்சம் கூடியிருக்கிறது. கிளினிக்கில் மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள். அவர் கையில் இருக்கும் டச் போன்தான் பெரிய கரைச்சல். விரல் பட்டாலே ஏதாவது ஒன்று திறந்துகொள்கிறது. இரண்டு தடவை பொலிசுக்குக் கோல் போய், அவர்கள் திரும்ப எடுத்து என்னை ஏசினார்கள். நாங்கள் கூப்பிட்டால், பச்சை வட்டத்தை எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாமல் போனை மேசையில் தட்டுகிறார். நானும் ஜொய்சியும் வேலைக்குப் போன பிறகு அவருக்கு இருக்கும் துணை அது ஒன்றுதான்.

அதனால், கினிகத்தேனையில் நஜீம் நானாவின் கடை மூலையில் உட்கார்ந்து, ஊரார் போன்களையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, அப்பாவின் போனைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். இப்போது திரையில் மூன்று முகங்கள் மட்டும். நான், ஜொய்சி, நம் லயத்தில் பக்கத்துக் காம்பிரா வீட்டு அக்கா. முகத்தைத் தொட்டால் கோல் போகும். இழுக்கவோ, எண்ணை அழுத்தவோ தேவையில்லை. கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டேன். முதல் நாள் ஜொய்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, நீ இதுக்குள்ள என்ன செய்யிற?" என்று கேட்டார். பிறகு பழகிவிட்டார்.

எங்களுக்காகவும் ஜெபி.

உன் அண்ணன்,
றிச்சர்ட்

---

நீர்கொழும்பு,
9 பெப்ரவரி 2024

என் அன்பு அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் கடிதம் கிடைத்து மனம் நிறைந்தது. நான் சுகம். வெயிலில் கறுத்துவிட்டேன், அவ்வளவுதான். பொறுப்புச் சிஸ்டர் கடிதங்களைத் திறந்து பார்ப்பது இங்கே வழக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒளிக்க நமக்கு என்ன இருக்கிறது?

அப்பாவுக்கு நீங்கள் செய்து கொடுத்ததை நினைத்துப் பெருமையாக இருக்கிறது. எனக்கு இங்கே மாடியில் வயதான சிஸ்டர்மாரைப் பார்க்கும் வேலை. அவர்களில் ஒருவருக்கு அப்பாவுடைய வியாதிதான். ஒவ்வொரு நாளும் தன் தாயைத் தேடுவார். தாய் இறந்து நாற்பது வருடம். அதைச் சொல்லக்கூடாது என்று எனக்குப் பழக்கினார்கள். சொன்னால், அவருக்கு ஒவ்வொரு தடவையும் அது புதுச் சாவு.

அப்பாவும் அம்மாவைத் தேடுகிறாரா? எனக்கு ஓர் எண்ணம். அந்த மூன்று முகங்களோடு அம்மாவின் படத்தையும் வைத்தால் என்ன? கோல் போக வேண்டியதில்லை. பார்த்துக்கொண்டிருந்தாலே போதுமே.

உங்கள் தங்கை,
சுதர்ஷினி

---

வட்டவளை,
2 மார்ச் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகமாக இருக்கிறோம். ஜொய்சிக்குத் தடிமனும் இருமலும், கொழுந்து பறிக்கப் போகாமல் ஒரு நாள் படுத்திருந்தாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ சொன்னபடி அம்மாவின் படத்தை வைத்தேன். கோயில் திருவிழாவுக்கு நீலச் சேலை கட்டிக்கொண்டு எடுத்த படம். அப்பா பார்த்ததும் கண்ணீர் விட்டார். உடனே தொட்டார். நம்பர் இல்லாததால் சிவப்பாக ஏதோ எழுத்து வந்தது. மறுபடி தொட்டார், மறுபடியும் அதேதான். கோபத்தில் போனை வாசலில் எறிந்துவிட்டார்.

போனின் உடைந்த கண்ணாடியை மாற்றிய பிறகு யோசித்து, அம்மாவின் பழைய நம்பரையே அந்தப் படத்துக்குக் கொடுத்தேன். அம்மா இறந்த வருடமே வெட்டுப்பட்ட நம்பர்தானே. தொட்டால், இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் மூன்று மொழியில் சொல்கிறாள். அப்பா மரியாதையாகக் கேட்டுவிட்டு, "இசபெல் வேலையா இருக்கா, பெறகு பேசுறாளாம்" என்கிறார். எறிவதும் இல்லை, அழுவதும் இல்லை. நல்ல யோசனை சொன்னாய்.

றிச்சர்ட்

---

நீர்கொழும்பு,
14 மார்ச் 2024

அன்பு அண்ணா,

அண்ணியின் தடிமன் சுகமாகியிருக்கும் என்று நம்புகிறேன். தவக்காலம் என்பதால் சிறு கடிதம்தான்.

அப்பா சொன்னதைப் படித்துச் சிரித்தேன். மாலையில் சிற்றாலயத்தில் நினைத்துக்கொண்டபோது சிரிப்பு வரவில்லை. அம்மாவிடம் பேச அவருக்கு என்னதான் இருக்கும்? ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.

சுதர்ஷினி

---

வட்டவளை,
20 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

உயிர்த்த ஞாயிறு நல்லபடியாகப் போயிருக்கும். பதில் எழுதப் பிந்திவிட்டது, மனம் வருந்தாதே. அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். முன்னைப் போல் சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போடுவதும் இல்லை.

நீ கேட்டதற்காகச் சொல்கிறேன். அப்பா தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து அம்மாவோடு வெகுநேரம் பேசுகிறார் என்று ஜொய்சி சொன்னாள். பதிவு செய்த குரல் அவ்வளவு நேரம் பேசாதே என்று போனை வாங்கிப் பார்த்தேன். கோல் இணைந்திருக்கிறது, கால் மணிக்கு மேல். கம்பனிக்காரர்கள் பாவனையில் இல்லாத நம்பரைப் புது ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள், எனக்குத் தெரிந்த விசயம்தான், மறந்துவிட்டேன்.

அடுத்த முறை பக்கத்தில் நின்று கேட்டேன். மறுபக்கம் ஒரு வயதான பொம்பிளை. நம்ம பக்கத்துப் பேச்சுத்தான். சோறு தின்றாரா, கால் வலி எப்படி என்று கேட்கிறார். அப்பாவைத் தன் வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்பா அவரை அம்மா என்று நினைக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி போல. போனை வாங்கி, நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள் என்றேன். "எங்க வீட்டுலதான்" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். நான் வைத்துவிட்டேன்.

ஒருவருக்கும் நட்டமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீ என்ன சொல்கிறாய்?

றிச்சர்ட்

---

நீர்கொழும்பு,
29 ஏப்ரல் 2024

அன்பு அண்ணா,

எல்லோரும் சுகமா என்று கேட்டுத் தொடங்கவேண்டும். இன்று எனக்கு அப்பாவின் சுகம் மட்டும்தான் மனதில் நிற்கிறது.

அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். சொன்னவள் நான்தான், நானே கேட்கிறேன். அந்த அம்மா யாரென்று நமக்குத் தெரியாது. அவர் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதும் தெரியாது. அப்பா நம்பிவிட்டால் வீட்டில் ஆள் இல்லாத நேரத்தைக்கூடச் சொல்லிவிடுவார். அதைவிட, அந்த அம்மா ஏன் அழுதார்? கேட்டீர்களா? நீங்கள் எழுதாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா?

சுதர்ஷினி

---

வட்டவளை,
18 மே 2024

அன்புத் தங்கச்சிக்கு,

பயப்படாதே, எல்லோரும் நலம். மழை தொடங்கிவிட்டது. இந்த வருடம் கடுமையாக இருக்கும் என்கிறார்கள்.

நீ சொன்னபடி படத்தை எடுத்தேன். இரண்டு நாள் அப்பா ஒரு பருக்கை சோறு வாயில் வைக்கவில்லை. மூன்றாம் நாள், அம்மாவை எங்கே ஒளித்து வைத்தாய் என்று கேட்டு ஜொய்சியின் கையைப் பிடித்து முறுக்கிவிட்டார். அவள் அழவில்லை, ஆனால் வீக்கம். திரும்ப வைத்தேன். வேறு என்ன செய்வது?

அந்த அம்மா ஏன் அழுதார் என்று கேட்டாய். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவிடம் மட்டும், கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள், வந்து திறந்துவிடுங்கள் என்று சொல்கிறார். ஒவ்வொரு நாளும் அதே பேச்சு. அப்பாவும் ஒவ்வொரு நாளும் சட்டையைப் போட்டுக்கொண்டு, "இசபெலப் பூட்டி வச்சிருக்கானுவ, லொறிச் சாவிய எடு" என்று நிற்கிறார். அவர் தான் ஓட்டிய தொழிற்சாலை லொறியை ஒப்படைத்துப் பன்னிரண்டு வருடம். ஜொய்சி விசாரித்துப் பார்க்கச் சொன்னாள். இது வியாதி பேசும் பேச்சு என்று நான் சொன்னேன். உன் மாடியில் இருக்கும் சிஸ்டரும் இப்படித்தானே?

நீ ஜெபத்தில் மனதை வை.

றிச்சர்ட்

---

நீர்கொழும்பு,
6 ஜூன் 2024

அன்பு அண்ணா,

அண்ணியின் கை எப்படி இருக்கிறது? சூடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள்.

மாடியில் இருக்கும் சிஸ்டர், கதவு பூட்டியிருக்கிறது என்று சொன்னால், நான் முதலில் போய்க் கதவைப் பார்ப்பேன். சில நாள் அது உண்மையாகவே பூட்டித்தான் இருக்கும், காற்றில் அடித்துச் சாத்தியிருக்கும். வியாதிக்காரர் என்பதால் அவர் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடாது. அண்ணி சொன்னதுதான் சரி. அந்த நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்று நஜீம் நானா மூலமாவது விசாரியுங்கள்.

போன கிழமை சாப்பாட்டு மேசையில் செய்தி வாசித்தார்கள். கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து ரோட்டு மூடியிருக்கிறதாம். உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஒரு தபாலட்டையாவது போடுங்கள்.

சுதர்ஷினி

---

வட்டவளை,
7 ஜூலை 2024

அன்புத் தங்கச்சிக்கு,

அப்பா உயிரோடு, சுகமாக இருக்கிறார். அதை முதல் வரியில் எழுதிவிட்டேன், இனி மீதியைப் படி. உன் கடிதம் வருவதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. எப்படி எழுதுவதென்று தெரியாமல்தான் இருந்தேன்.

மே மாதக் கடைசியில் பெரிய மழை. ஜொய்சி கொழுந்து மலைக்குப் போயிருந்தாள். பக்கத்துக் காம்பிரா அக்கா ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். அப்பா ரோட்டுக்கு இறங்கி, பஸ் ஏறி, கினிகத்தேனையில் இறங்கியிருக்கிறார். எங்கள் கடையைத் தாண்டித்தான் போயிருக்கிறார், நான் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தேன். த்ரீவீல் நிறுத்தும் இடத்தில் நனைந்துகொண்டு நின்றவரை சுமன் என்ற டிரைவர் கண்டு, பாவம் என்று வண்டிக்குள் ஏற்றி, கழுத்தில் கிடந்த போனைப் பார்த்திருக்கிறார். நான்கு முகங்கள். எதைத் தொட்டாலும் கோல் போகும்படி நான் எவ்வளவு சுலபமாகச் செய்து வைத்திருந்தேன். சுமன் என்னிடம் பிறகு சொன்னார்: "வயசான முகமா ஒண்ணு இருந்துச்சு. பொஞ்சாதியாத்தான் இருக்கும்னு அதத் தொட்டேன்."

அந்த அம்மா எடுத்தார். ஆமாம், என் வீட்டுக்காரர்தான், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். பொல்பிட்டியவில் இருக்கும் தன் வீட்டுக்கு வழியைப் பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பது போல் சொன்னாராம். சுமன் கொண்டுபோய்ப் படிக்கட்டுக்குக் கீழே இறக்கிவிட்டார். மேலே ஜன்னலில் ஒரு பொம்பிளை கையைக் காட்டினார். நல்லபடியாகச் சேர்த்துவிட்டோம் என்று அவர் திரும்பிவிட்டார். கதவில் தொங்கிய பூட்டை அவர் பார்க்கவில்லை.

நாங்கள் தோட்டம் முழுவதும் தேடினோம். போன் நனைந்து செத்துவிட்டது. மறுநாள் நஜீம் நானா த்ரீவீல்காரர்களிடம் விசாரித்ததில்தான் சுமன் கிடைத்தார். அதற்குள் பொல்பிட்டிய ரோட்டில் மண் சரிந்துவிட்டது. நானும் சுமனும் சேற்றில் ஏறி இறங்கிப் போனோம்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த மேடு இறங்கியிருந்தது. பின் அறைச் சுவர் உடைந்து, அந்த அம்மா படுக்கும் கட்டிலுக்கு மேல் ஜன்னல் மட்டத்துக்கு மண். அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தேட எனக்குக் கால் வரவில்லை, சுதர்ஷினி. சுமன்தான் முன்பக்கம் போய்க் கூப்பிட்டார். வாசல் தகரத்துக்குக் கீழே இரண்டு பேரும் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்கதவின் பூட்டு கொண்டியோடு பெயர்ந்து கிடந்தது, பக்கத்தில் அதை நெம்பிய இரும்பு அலவாங்கு. அப்பாவின் கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. அவர் தன் சட்டையை மழையில் நனைத்து அந்த அம்மாவின் வாயில் பிழிந்துகொண்டிருந்தார். அந்த அம்மாவின் உதடு வெடித்து இரத்தம் கட்டியிருந்தது. அப்பா என்னைப் பார்த்து, "மெதுவா வாப்பா. அம்மா இப்பதான் கண்ண மூடினா, தூங்கட்டும்" என்றார். குனிந்து பார்த்தேன், மூச்சு இருந்தது.

அவர் பெயர் லெட்சுமி. மகன் ஜெயகாந்தனும் மருமகளும் கொழும்புக்கு வைத்தியத்துக்குப் போனவர்கள், ரோட்டு மூடித் திரும்ப முடியாமல் நின்றுவிட்டார்கள். தண்ணீர் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள், அவர் கவிழ்த்துவிட்டார். ஜெயகாந்தன் வந்ததும் கதவை உடைத்ததற்குப் பொலிசுக்குப் போவேன் என்று நின்றார். பின் அறையைப் பார்த்த பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் என்ன செய்யட்டுங்க? வேலைக்குப் போகணும். தொறந்து வச்சா ஆத்துப் பக்கம் போயிருது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

லெட்சுமி அம்மா ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குப் போய்விட்டார். அந்த சிம்மை மகன் கழற்றிவிட்டார்.

இனி இப்படி நடக்காது. அதற்கு ஓர் ஏற்பாடு செய்துவிட்டேன். நீ நிம்மதியாக இரு.

றிச்சர்ட்

---

நீர்கொழும்பு,
19 ஜூலை 2024

அன்பு அண்ணா,

உங்கள் கடிதத்தை மாடிக்குக் கொண்டுபோய்த் தனியாக இருந்து படித்தேன். பொறுப்புச் சிஸ்டரும் முன்பே படித்திருந்தார், என்னிடம் கொடுக்கும்போது தோளைத் தொட்டார். ஆண்டவருக்கு நன்றி. சுமனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அப்பாவின் கைகள் ஆறிவிட்டனவா?

அந்த அம்மா உதவி கேட்டார், அப்பா போனார். நம்மில் ஒருவரும் போகவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என்ன ஏற்பாடு? நீங்களும் அண்ணியும் வேலைக்குப் போகும்போது அப்பாவோடு யார் இருக்கிறார்?

சுதர்ஷினி

---

வட்டவளை,
16 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். கைக் காயம் ஆறிவிட்டது. மழை இன்னும் விடவில்லை.

அப்பாவின் போனை இன்னும் சுலபமாக்கிவிட்டேன். அவர் எதையும் தொடத் தேவையில்லை. நாங்கள் கூப்பிட்டால் இரண்டாம் மணியில் தானாகவே எடுத்துக்கொள்ளும், சத்தமாகக் கேட்கும். கடையிலிருந்தே அவர் என்ன செய்கிறார் என்று கேட்டுக்கொள்ளலாம். உன் மடத்து நம்பரையும் சேர்த்திருக்கிறேன். திரையில் இருந்த முகங்களை நீக்கிவிட்டேன், பார்த்தால் குழம்புகிறார்.

பக்கத்துக் காம்பிரா அக்கா ஹட்டனுக்கு மகளிடம் போய்விட்டார். குரங்குத் தொல்லை அதிகம் என்பதால் ஜன்னலுக்குக் கம்பி அடித்திருக்கிறேன். அப்பா இப்போது எங்கேயும் போவதில்லை. அமைதியாக இருக்கிறார்.

நீ துறவறத்தின் முதல் வார்த்தைப்பாட்டுக்கு ஆயத்தமாகு. வெள்ளை உடுப்பில் உன்னைப் பார்க்க நாங்கள் எல்லோரும் வருவோம்.

றிச்சர்ட்

---

நீர்கொழும்பு,
28 ஆகஸ்ட் 2024

அன்பு அண்ணா, அண்ணி,

நாளை ஹட்டனுக்குப் போகும் ஒரு சிஸ்டரின் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், தபாலை நம்பிக் காத்திருக்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தில் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அதைப் பொறுப்புச் சிஸ்டரிடம் காட்டினேன். அவர் என்னை அலுவலகத்துக்குக் கூட்டிப் போய்த் தொலைபேசியைக் கையில் கொடுத்தார். முற்பகல் நேரம், நீங்கள் இரண்டு பேரும் வேலையில் இருந்திருப்பீர்கள். அப்பாவின் போன் இரண்டாம் மணியில் தானாகவே எடுத்துக்கொண்டது.

முதலில் தகரத்தில் மழை விழும் சத்தம். பிறகு பலகையை உள்ளங்கையால் தட்டும் சத்தம். வேகமாக இல்லை. வெகுநேரமாகத் தட்டிக் களைத்த ஒருவர் தட்டுவது போல. "அப்பா" என்றேன். சத்தம் நின்றது. குரல் கதவுக்கு வெளியிலிருந்து வருகிறது என்று அவர் நினைத்துவிட்டார்.

"யாருங்க அது? கொஞ்சம் தொறந்து விடுங்க. மக ரயில்ல வர்றா. ஸ்டேஷனுக்குப் போவணும், அவ தனியா நிப்பா" என்றார்.

நான்தான் அப்பா, சுதர்ஷினி என்றேன். "சரிங்க, அவ வந்தா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி தட்டத் தொடங்கினார். நான் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஏதோ கீழே விழுந்து உடைந்தது. பிறகு மழை மட்டும்தான் கேட்டது. பொறுப்புச் சிஸ்டர்தான் என் கையிலிருந்து வாங்கி வைத்தார். உங்கள் நம்பருக்கும் அடித்தோம், நீங்கள் எடுக்கவில்லை.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, அண்ணா. ஜெயகாந்தனைத் திட்ட உங்களுக்கு வாய் வரவில்லை என்று எழுதியபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகாமல் வீடு ஓடாது என்பது எனக்குத் தெரியும். அண்ணியின் கை பட்ட பாடும் எனக்குத் தெரியும். ஆனால் நம் லயத்து வீட்டுக்குப் பின்னாலும் மேடு இருக்கிறது. பக்கத்தில் இப்போது அக்காவும் இல்லை.

அப்பாவோடு இருக்க வீட்டுக்கு வரக் கேட்டேன். அதிக நாள் வெளியே இருந்தால் இந்தப் பயிற்சி வருடம் செல்லாமல் போகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும், திரும்ப எடுப்போம் என்றும் வாக்குக் கொடுக்க முடியாது என்று சொன்னார்கள். யோசிக்க மூன்று நாள் தந்தார்கள். போகிறேன் என்று நான் அன்று மாலையே போய்ச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை ரயிலில் வட்டவளைக்கு வருகிறேன். அன்றைக்கு நீங்கள் கடைக்குப் போக வேண்டாம். அப்பாவுக்கு நல்ல சட்டையாகப் போட்டு, அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். என்னைப் பார்த்து யாரென்று கேட்டாலும் பரவாயில்லை, அவர் வந்து நிற்கட்டும்.

உங்கள் தங்கை,
சுதர்ஷினி